திரும்பி வராத கடகங்கள்

திங்கட்கிழமை காலை, கல்முனை பஸ் ஸ்டாண்டில் பள்ளிக்கூடம் போவதற்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்துப் புடைவைக் கடை முதலாளி கடையை விட்டு இறங்கி, ரோட்டைக் கடந்து, நேரே என்னிடம் வந்தார். கையில் இந்தப் பத்திரிகை.

“டீச்சர், போன கிழம எழுதினதப் பாத்தன். நல்லா உறைக்க எழுதியிரிக்கீங்க! இந்தச் சனத்துக்கு அப்பிடித்தான் குடுக்கணும். கடைக்கு வந்த ஆக்களுக்கெல்லாம் நானே வாசிச்சுக் காட்டினன்.”

நான் என்ன செய்தேன்? முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, அடக்கமாகச் சிரித்தேன். அடக்கம் முகத்தில் மட்டும்தான். உள்ளே மனம் தென்னை மரத்தில் ஏறி, குரும்பை பறித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் காது மடல் வரைக்கும் எரிகிறது.

சென்ற வாரப் பத்தியை வாசித்தவர்களுக்கு விஷயம் தெரியும். வாசிக்காதவர்கள் பாக்கியசாலிகள் — அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மாரி வெள்ளம் எங்கள் மருதமுனையை என்ன செய்தது என்பதை இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குழித்தறிகளுக்குள் சேறு. நூல் கடலோடு போனது போக, மிச்சம் சேற்றோடு. நெசவில்லாத நெசவு வீடுகள்… அடுப்பு எரியாத வீடுகள் என்று அர்த்தம். ஊரில் ஒரு நிவாரணக் கமிட்டி அமைத்தோம். மதரசாவின் பின்பக்கத்து ஓலைக் கொட்டில்தான் ஸ்டோர். அரிசி வந்தது. மா வந்தது. பருப்பு வந்தது. சனம் உயிரோடு இருந்தது.

ஆனால் பிள்ளைகளின் வாயெல்லாம் புண். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், டொக்டர் பல் முரசை அழுத்திப் பார்க்கிறார். இரத்தம் வருகிறது. “நான் தருவதை விட நல்ல மருந்து கீரையும் காயும்தான்” என்கிறார். கீரைக்கு எங்கே போவது? தோட்டம் வைத்திருந்த நிலமெல்லாம் களிமண்ணால் மூடிக் கிடக்கிறது.

இது இங்கே. தெற்கே தம்பிலுவிலில் கதை வேறு. அங்கே மணல் மேடு. வெள்ளம் வந்த வேகத்தில் வடிந்துவிட்டது. போகும்போது நல்ல வண்டலைப் பூசிவிட்டுப் போயிருக்கிறது. கத்தரி என்ன, பயற்றை என்ன, வெண்டி என்ன! கொடியும் செடியும் தாங்காமல் காய்த்துக் கிடக்கிறது. ஆனால் சந்தைக்குக் கொண்டுவந்தால் வாங்குவதற்கு ஆள் இல்லை. நாங்கள்தானே வாங்குகிறவர்கள்? எங்களிடம் என்ன இருக்கிறது?

ஒரு பக்கம் காய் அழுகுகிறது. மற்றப் பக்கம் வாய் அழுகுகிறது. இந்த இரண்டையும் ஒரு கயிற்றால் கட்டினால் என்ன?

இந்த யோசனை என்னுடையது. அதில் மட்டும் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை.

வாப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறித் தம்பிலுவிலுக்குப் போனேன். தங்கராசா அண்ணன் என்று ஒரு தோட்டக்காரர். வரம்பில் நின்று நான் பேசியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். படித்தவள் அல்லவா, கொஞ்சம் நீட்டித்தான் பேசினேன். போஷாக்கு, ஒற்றுமை, சமூக சேவை… எல்லாம் வந்தது. அவர் ஒரு வெண்டிக்காயை முறித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“இவ்வளவு கதைக்கத் தேவல்ல டீச்சர். இப்ப மாடு தின்னுது. மனிசர் தின்டா வேணாமெண்டு செடி சொல்லுமா? செவ்வாயும் வெள்ளியும் சந்தை லொறியில வாறம். ஏத்தி விடுறம். எடுத்துக்கங்க.”

அவரும் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் அப்படியே ஏற்றிவிட்டார்கள். முதல் வாரம் ஸ்டோரில் மலை மாதிரிக் காய்கறி. வாங்குவதற்கு யார் வந்தார்கள்? ஒரு சில கிழவர்கள். எங்கள் ஊரில் பெண்கள் ஸ்டோர் வாசலில் வரிசையில் நிற்க மாட்டார்கள். ஆண்கள் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடப்பார்கள். ஒரு பிடி கீரையையும் நாலு கத்தரிக்காயையும் கையில் பிடித்துக்கொண்டு தெருவால் வரச் சொல்லுங்கள் பார்ப்போம்! மலை வாடியது.

அப்போதுதான் என் இரண்டாவது யோசனை பிறந்தது. இதுதான் என்னைக் கவிழ்த்தது.

ஸ்டோர் வேண்டாம். வரிசை வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு பனையோலைக் கடகம். தம்பிலுவிலிலேயே கடகத்தில் காயை அடுக்கி, மேலே வாழையிலை மூடி, அப்படியே அனுப்பட்டும். லொறியிலிருந்து இறக்கி ஒழுங்கை முனையில் வைத்தால், அங்கிருந்து பெண்களே வேலிகளில் விட்டிருக்கும் கடப்புகளால் ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்குக் கைமாற்றிவிடுவார்கள். தெருவில் யாருடைய கண்ணிலும் படாது. அடுத்த லொறி வரும்போது வெறும் கடகத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

எவ்வளவு அழகான திட்டம்! கமிட்டியில் எல்லோரும் பாராட்டினார்கள். அது போதாதென்று நானும் என்னைப் பாராட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். வாப்பா கைநாட்டு. உம்மாவுக்கு அதுவும் தேவைப்பட்டதில்லை. அந்த வீட்டிலிருந்து வந்தவள் இரண்டு ஊர்களைக் கடகத்தால் கட்டிவிட்டாள்… யாருக்குத்தான் பெருமை வராது?

காய்கறி போயிற்று. கடகம் வரவில்லை.

முதலில் பாதி திரும்பி வந்தது. பிறகு அதுவும் இல்லை. தங்கராசா அண்ணன் லொறியிலிருந்தபடியே தலையைச் சொறிந்தார்.

“காய் இன்னும் காய்க்கும் டீச்சர். கடகத்துக்கு நாங்க எங்க போற? சாக்குல கட்டினா கத்தரியெல்லாம் நசிஞ்சிரும். பொம்புளயள் இரிந்து இழைச்சதுகள்தானே… கொஞ்சம் கேட்டுப் பாருங்க.”

கேட்டுப் பார்த்தேன். நானே வீடு வீடாகப் போனேன்.

“ராத்தா, கடகம்?”

“தாறன் புள்ள. கழுவிக் காயப் போட்டிரிக்கன்.”

“மாமி, கடகம்?”

“நாளைக்கிக் கட்டாயம் தாறன். இண்டைக்கி வேணாம்.”

“ஏன் இண்டைக்கி வேணாம்? அந்தா மூலையிலதானே இரிக்கி?”

“அது… இரிக்கட்டும்கா. நாளைக்கி வா.”

எந்த வீட்டுக்குப் போனாலும் நாளைக்கு. கடகத்தை ஒளிப்பதும், முகத்தைத் திருப்புவதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதும்! ஒரு நெசவுக்கார ராத்தாவின் வீட்டில் முகட்டில் மூன்று கடகங்கள் கட்டித் தொங்கின. ஒன்றல்ல, மூன்று. நான் அண்ணாந்து பார்த்ததை அவரும் பார்த்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வந்து உட்கார்ந்து எழுதினேன். “கைநீட்டி வாங்கத் தெரிந்தவர்களுக்குக் கடகத்தைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாதா?” என்று கேட்டேன். அந்த முகட்டையும் விடவில்லை. “ஒரு நெசவுக்காரப் பெண்ணின் வீட்டில் மூன்று கடகங்களைக் கண்ணால் கண்டேன். சந்தையில் கடகம் என்ன விலைக்குப் போகிறது என்று அவரைக் கேட்டால் தெரியும்” என்று எழுதினேன். பெயர் போடவில்லை. மரியாதைக்காகவாம்! பெயர் போடாவிட்டால் என்ன, எங்கள் ஊரில் எந்த ஒழுங்கை, எந்த முகடு என்று தெரியாதவர் யார்?

அதைத்தான் புடைவைக் கடை முதலாளி உறைப்பு என்று புகழ்ந்தார்.

மறுநாள் செவ்வாய். லொறி வந்தது. தங்கராசா அண்ணனிடம் பத்திரிகையை விரித்துக் காட்டினேன். “இனிப் பாருங்க, எல்லாக் கடகமும் ஓடி வரும்” என்றேன்.

அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி மெதுவாக வாசித்தார். முகத்தில் சிரிப்பு வரவில்லை.

“இவ்வளவு தூரத்துக்குப் போகாம இரிந்திரிக்கலாம் டீச்சர்… சரி, விடுங்க. உங்கட உம்மாட்ட மட்டும் ஒண்டு சொல்லிருங்க. போன முறை அனுப்பின கூனி இறால் நல்லா இரிந்திச்சாம். என்ட வீட்டுக்காரி முருங்கயிலயில போட்டுச் சுண்டினா. புள்ளயள் சட்டிய வழிச்சு வழிச்சுத் தின்டுதுகள்.”

“என்ன கூனி?”

“என்ன கூனியா? கடகத்துக்குள்ள போட்டு அனுப்பிறாவே. ஒரு முறை கூனி, ஒரு முறை கருவாடு, அதுக்கு முதல் ரெண்டு தேசிக்காய். உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு மேட்டில். வெள்ளம் வரவில்லை. நிவாரணத்தில் எங்களுக்குப் பங்கில்லை. ஆனாலும் தங்கராசா அண்ணன் ஒவ்வொரு லொறியிலும் “டீச்சர் வீட்டுக்கு” என்று ஒரு கடகம் தனியாக வைப்பார். நானும் அதை இயல்பாக எடுத்துக்கொண்டு போவேன். அந்தக் கடகம் மறுபடி எப்படி அவரிடம் போகிறது என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. காலையில் உம்மா அதன் வாயைக் கட்டித் தருவார். நான் கொண்டுவந்து லொறியில் வைப்பேன். உள்ளே என்ன என்று பார்ப்பது படித்தவள் வேலையா?

வீட்டுக்குப் போனேன். உம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“உம்மா, தம்பிலுவில் கடகத்துக்குள்ள கூனி போட்டு அனுப்பினீங்களா?”

“ஓம்.”

“எனக்கு ஒரு சொல்லு சொல்லல்லயே?”

“இதெல்லாம் ஒரு கதையா? மறுகா, வெறுங்கடகத்தயா அனுப்பச் சொல்றாய்? அந்த மனிசன்ட பொஞ்சாதி என்னப் பத்தி என்னகா நினைக்கும்!”

சொல்லிவிட்டு உம்மா மீன் செதிலை உதறினார். அவருக்கு அது அவ்வளவுதான். எனக்குத்தான் அதோடு முடியவில்லை.

நோன்புக் கஞ்சி வந்த கோப்பையோ, பெருநாள் பலகாரம் வந்த தட்டோ, எங்கள் ஊரில் எந்த வீட்டிலிருந்தாவது வெறுமையாகத் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனி. அதுவும் இல்லாவிட்டால் ஒரு வெற்றிலை. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பினால் அந்த வீட்டின் பறக்கத்தை, இறைவன் தந்த நிறைவை, துடைத்து அனுப்பியது மாதிரி. இது புத்தகத்தில் படித்ததல்ல. நான் இதற்குள்ளேயே வளர்ந்தவள். சின்ன வயதில் எத்தனை தட்டுகளை மூடி, வேலிக் கடப்பால் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்!

ஸ்டோரிலிருந்து அள்ளிக் கொடுத்த அரிசி நிவாரணம். அதற்கு யாரும் பதில் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வீட்டுப் பெண் இழைத்த கடகம், மேலே வாழையிலை மூடி, வேலிக் கடப்பால் வந்தால்? அது நிவாரணமா? ஒரு வீடு இன்னொரு வீட்டுக்கு அனுப்பியது அல்லவா? அந்த வழியைக் காட்டியது நான். அந்த வழியில் போகும் எந்தப் பாத்திரமும் வெறுமையாகத் திரும்பாது என்பதை மறந்தவளும் நான்.

அந்தப் பெண்கள் கடகத்தை ஒளிக்கவில்லை. போடுவதற்கு ஒன்றும் இல்லாமல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாசல் வாசலாக நின்று நான் கேட்டது என்ன? “உங்கள் வீட்டில் ஒன்றுமே இல்லை என்பதைக் கையில் எடுத்துத் தாருங்கள்” என்று கேட்டிருக்கிறேன். நாளைக்கு, நாளைக்கு என்று அவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். அவர்களை வாங்குகிறவர்கள் என்று பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து, வீட்டுக்காரிகள் என்று பார்க்க மறந்துபோனேன்.

மறுநாள் அந்த நெசவுக்கார ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். மண் சுவரில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கோடு அப்படியே இருந்தது. ராத்தா தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். குழியின் அடி இன்னும் ஈரம். மூலையில் அவருடைய மகள் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ராத்தா…”

தறி நாடா ஒருமுறை போய் வந்தது.

“கடகம் எண்ண வந்தியா? மூணும் அந்தா தொங்குது. எண்ணிக்க.”

“இல்ல ராத்தா, நான் வந்தது —”

“சந்தையில விக்கல்ல. வித்தா ஆரு வாங்கிற? வாங்கி உள்ளுக்க போட என்ன இரிக்கி இந்த ஊருல?”

சிரிக்க வேண்டிய பேச்சு. யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்தில் ஒரு பலகையில் இரண்டு தோள்துண்டுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவது தறியில் பாதி. நூலைப் பார்த்தேன். வெள்ளத்தில் கிடந்து சேறு பிடித்த நூல். அலசி அலசிக் கழுவியிருக்கிறார். அறுந்த இடமெல்லாம் முடிச்சு. சிவப்புக் கரை ஊறி வெள்ளைக்குள் இறங்கியிருக்கிறது. துணியைத் தடவினால் முடிச்சுகள் விரலில் தட்டும்.

“மூணு கடகம் மூணு வீட்டுதாம். அதுக்கு மூணு துண்டு. குழி காயுமட்டும் தறியில குந்தேலாமப் போச்சு. எலி கடிச்சிராம முகட்டுல கட்டினன். இதத்தான் நீ பேப்பரில போட்டாய்.”

“எனக்குத் தெரியாது ராத்தா.”

“கேட்டாத்தானே தெரியும்? நீ கேட்டது கடகத்த. என்னக் கேட்டியா?”

நான் கையிலிருந்த துண்டை மறுபடி மடித்துப் பலகையில் வைத்தேன்.

பிறகுதான் முழுவதும் தெரிந்தது. பத்தி வந்த அன்றே தேத்தண்ணிக் கடையில் யாரோ உரத்து வாசித்திருக்கிறார்கள். கடை நிறைய ஆண்கள். ராத்தாவின் மருமகனும் இருந்திருக்கிறார். “மூன்று கடகம்” என்றதும் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஒருவர், “தம்பிக்குச் சீதனமாக் கடகமும் குடுத்திரிக்காங்க போல” என்றாராம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வந்து வாழ்வது பெண்ணின் வீட்டில். மாமியாரின் மானம்தான் அவர் தலைக்கு மேலுள்ள கூரை. அவர் வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மாமி, களவெடுத்தீங்களா?” ராத்தாவுக்குப் பதில் வரவில்லை. பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொண்டு, அவர் தன்னுடைய உடுப்பைச் சுருட்டிக்கொண்டு தாயின் வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாத பெண்ணை விட்டுவிட்டு.

“நான் அவரிட்டப் போய்ச் சொல்றன் ராத்தா” என்றேன்.

“நீ போய்ச் சொன்னா, மாமி ஆளனுப்பியிரிக்கா எண்டுதான் நினைப்பாரு. வேணாம். இந்தா…” தறியில் இருந்ததை முடித்து அறுத்து எடுத்துக்கொண்டு குழியிலிருந்து ஏறினார். மூன்று கடகங்களையும் இறக்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வைத்து, பழைய ஓலையால் மூடிக் கட்டினார். “இதக் கொண்டுபோய்க் குடு. இனி எங்களுக்கு ஒண்டும் அனுப்ப வேணாம். உன்ட கமிட்டியும் வேணாம், கத்தரிக்காயும் வேணாம்.”

மூலையிலிருந்து மகள் மெல்லச் சொன்னாள்: “கமிட்டியில நம்மட பேர வெட்டிட்டாங்க உம்மா. அவங்க அனுப்பினாத்தானே நீங்க வேணாமென்கிற.”

ஆம், வெட்டியிருந்தார்கள். என் எழுத்தைப் பார்த்துத்தான்.

கமிட்டித் தலைவர் ஹாஜியாரிடம் ஓடினேன். கெட்ட மனிதர் அல்ல. வெள்ளத்தன்று இடுப்பளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளைத் தூக்கிக் கரை சேர்த்தவர். நடந்ததைச் சொன்னேன். துண்டுகளையும் காட்டினேன். அவர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்ல வேல. அப்ப டீச்சர், நூலும் தறியும் இரிக்கிறவளுக்கு நிவாரணம் என்னத்துக்கு?”

“ஹாஜியார், அது அறுந்த நூல்…”

“தம்பிலுவிலானுக்குத் துண்டு குடுக்கலாமெண்டா, நம்மட பள்ளிவாசல் பைத்துல்மால் நிதிக்குக் குடுக்க என்ன குற? நான் புதுசா ஒண்டும் சொல்லல்ல. கைநீட்டி வாங்கத் தெரிஞ்சவங்க எண்டு நீங்க எழுதினதத்தான் நானும் சொல்றன். இண்டைக்கி ஒரு மாதிரி எழுதுவீங்க, நாளைக்கி வேற மாதிரிக் கதைப்பீங்க. நாங்க எத நம்புற? அடுத்த கூட்டத்தில பாப்பம்.”

என் வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அதன் நாற்றம் எனக்குத் தெரிந்தது. எழுதியபோது மணத்தது!

கொடுக்கிறவர்களுக்கு ஒரு விசித்திரமான ஆசை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? வாங்குகிறவர் முழு ஏழையாக இருக்க வேண்டும். கையில் ஒரு முட்டை இருந்தாலும் நமக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்த முட்டையைத் தின்னாமல் இன்னொருவருக்குக் கொடுத்தால் கோபமே வந்துவிடும். கொடுக்கும் சந்தோஷம் எங்களுக்கு மட்டும் சொந்தமாம். ஏழைக்கு அதில் ஒரு நுள்ளும் கிடையாதாம்.

வெள்ளிக்கிழமை காலை லொறி வந்தது. மூன்று கடகங்களையும் தங்கராசா அண்ணனிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. அவர் ஓலையை விலக்கினார். துண்டை எடுத்து விரித்தார். முடிச்சுகளை விரலால் தடவிக்கொண்டே நின்றார். பிறகு தலையிலிருந்த பழைய லேஞ்சியை அவிழ்த்து மடியில் செருகிவிட்டு, புதுத் துண்டைத் தலையில் கட்டினார்.

“வீடு எந்தப் பக்கம் டீச்சர்?”

“என்னத்துக்கு?”

“என்னத்துக்கா? ஒரு ஆள் இவ்வளவு பாடுபட்டு நெய்து தந்திரிக்கு. லொறியில நிண்டு தலயாட்டிட்டுப் போறதா? எனக்கும் ஒரு முறையிரிக்கு.”

நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கி ஒரு கடகத்தை நிரப்பினார். மேலே பயற்றை, பிள்ளை பெற்றவளுக்கு என்று ஒரு கட்டு முருங்கையிலை. தோளில் வைத்துக்கொண்டு நடுத் தெருவால் நடந்தார். நான் முன்னே, அவர் பின்னே. தேத்தண்ணிக் கடையைக் கடந்தபோது உள்ளேயிருந்து ஒருவர், “எங்க அண்ணன், கடகம் தேடியா?” என்று கேட்டார்.

“இல்லத் தம்பி. துண்டு தந்த வீட்டுக்குப் போறன்.”

கேட்டவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் குனிந்துகொண்டார்.

அவர் படலைக்கு வெளியே நின்றுகொண்டார். “தங்கச்சி, தம்பிலுவிலில இரிந்து வந்திரிக்கன். துண்டு நல்ல பொருத்தம்!” என்று வேலிக்கு மேலால் சத்தமாகச் சொன்னார். உள்ளே தறி நின்றது. பிறகு ராத்தாவின் குரல் மட்டும் வந்தது:

“அவர ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்லு.”

மகள் வந்து கடகத்தை வாங்கிக்கொண்டாள். ராத்தா வாங்க விட்டார். அது கமிட்டிக் கடகம் அல்ல. ஒரு வீட்டுக் கடகம்.

தங்கராசா அண்ணன் தேத்தண்ணியைக் குடித்து, கோப்பையை வேலியோரம் வைத்துவிட்டுப் போனார். நான் மட்டும் நின்றேன். ராத்தா வாசலுக்கு வந்தார். முதல் தடவையாக என்னை நேரே பார்த்தார்.

“மருமகன் வந்தாரா ராத்தா?”

“இல்ல.”

“நான் என்ன செய்யணும் எண்டு சொல்லுங்க. என்னெண்டாலும் செய்யிறன்.”

“உனக்கு என்ன தெரியும், எழுதத்தானே தெரியும்? எழுது. பேப்பரில போட்டுத்தானே என்னக் கெடுத்தாய், பேப்பரிலயே போடு.”

“ஓம் ராத்தா, எழுதுறன். உங்கட பேர் வராம, மரியாதயா —”

“அதுதான் வேணாம்! பேரில்லாம எழுதினதாலதான் ஊரே பேர் வெச்சிச்சு. உன்ட பேர மட்டும் அடியில பெருசாப் போடுறாங்களாமே. என்ட பேரயும் போடு. அந்தக் கடையில வாசிக்கக்க அவருட காதுல விழணும். ஆருட மாமி, என்ன செய்தா எண்டு விழணும்.”

தங்கராசா அண்ணன் தெருவால் நடந்ததை ஊர் கண்டது; அன்று சந்தையிலிருந்து லொறி திரும்பும்போதே கடகங்கள் வரத் தொடங்கிவிட்டன. முட்டையோடு, புளியோடு, ஒரு பிடி உப்போடு. தோட்டக்காரர்கள் திகைத்துப் போயிருக்கிறார்கள். ஹாஜியாரின் கூட்டம் இன்னும் நடக்கவில்லை. அதெல்லாம் நடக்கும். எனக்கு இப்போது வேண்டியது வேறு. எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் இந்தப் பத்தியை வாசித்துக்கொண்டிருப்பவரிடம் ஓர் உதவி. சென்ற வாரம் நன்றாகத்தான் உரத்து வாசித்தீர்கள். இன்றும் தொண்டையைச் செருமிக்கொள்ளுங்கள். மருமகன் கடையில் இல்லையென்றால் ஆளனுப்பிக் கூப்பிடுங்கள். அவர் வந்து உட்கார்ந்த பிறகு அடுத்த வரியை வாசியுங்கள்.

மருதமுனை நெசவுக்காரி செய்னம்பு களவெடுக்கவில்லை. எழுதியவள்தான் பொய் எழுதினாள்.